ஐயர் கல்லுக்கு வைத்த வளையல்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது என் உடம்பில் நடந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மளிகைக்கடை சிவசங்கரன் எழுதுகிறார்.

1953. மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பண்டகசாலைகளில் சுக்கு மூட்டை சுமந்தேன். புருஷன் கப்பலேறிப் போனவன்தான், தகவலே இல்லை. பெற்ற இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில். இதுவும் போய்விட்டால் எனக்கென்று ஒரு ஜீவன் கிடையாது.

வழியில் ஒரு சுமைதாங்கிக் கல். எங்கள் திருநெல்வேலிப் பக்கம், பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவள் நினைவுக்குத்தான் அதை வைப்பார்கள். கல்லில் ஏதோ எழுத்து இருந்தது. செத்தவள் பேர்தான் என்று நினைத்தேன். குங்குமம் இட்டு, கண்ணாடி வளையல் வைத்து, "தாயே, இதையாவது காப்பாத்து" என்று கும்பிட்டேன்.

பண்டகசாலைக் காவல்காரர் மொய்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எடீ, அது வெங்கிடராமய்யர் ஸ்வாமியோட நினைவுக் கல்லாணு. போன நூற்றாண்டு பேங்குக்காரர், பெரிய தர்மவான். ஆம்பளைக்கு எதுக்கு வளையல்?"

எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. ஆனால் வைத்ததை எடுக்க மனசு வரவில்லை.

ஆடி மாதம். மத்தியானம். கொட்டுகிற மழை. தெருவில் ஈ காக்கை இல்லை. மூட்டையைக் கல்லில் சாய்த்தேன்... சுரீரென்று வலி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கத்திப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

கலீர்...

வளையல் சத்தம். கல்லுக்குப் பின்னால்.

பின்னால் பண்டகசாலைச் சுவர். நடுவில் ஒரு கை நுழையக்கூட இடம் கிடையாது.

என் இடுப்பை ஒரு கை பிடித்தது. சில்லென்று.

"நான் இருக்கேன். மூச்சைப் பிடிச்சு முக்கு."

தமிழ்... எங்கள் ஊர்த் தமிழ்.

பிள்ளை அழுதது.

"நீலாம்பாள்னு பேர் வை."

திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

அழுகை கேட்டு மொய்து ஓடி வந்தார். பிள்ளை என் மடியில் கிடந்தது. தொப்புள்கொடி அறுத்துக் கட்டியிருந்தது.

நான் கட்டவில்லை.

சொன்ன பேரையே வைத்தேன். பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது மலையாளம் மட்டும். ஆறு வயதில் ஒரு நாள், வீட்டுச் சுவரில் கரியால் ஏதோ கிறுக்கியிருந்தாள். சிவசங்கரன் பார்த்துவிட்டு, "தமிழ்ல நீலாம்பாள்னு எழுதியிருக்கா" என்றார்.

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"வளையல் போட்ட சேச்சி."

யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம், 1964இல், தெருவை அகலப்படுத்த அந்தக் கல்லைப் பெயர்த்துப் புரட்டினார்கள். சுவரைப் பார்த்த பக்கத்திலும் எழுத்து. முன்பக்கத்து எழுத்தைவிடப் பழையது. யாருடைய கல்லையோ திருப்பி வைத்து, ஐயர் பேரை வெட்டியிருக்கிறார்கள். சிவசங்கரன் குனிந்து படித்தார்.

அவர் சொல்லவும் வேண்டாம். எனக்குப் படிக்கத் தெரியாதுதான். ஆனால் அந்த எழுத்தின் வடிவம் தெரியும். என் வீட்டுச் சுவரில் தினமும் பார்க்கிறேனே.

இப்போது மகளை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறேன். பேரைச் சொன்னால்... பாப்பா வருவதற்கு முன்னால் வளையல் சத்தம் வருகிறது.