பெருவிரலுக்கு ஒரு துளை

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா இடுப்பிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார். பெருவிரலால் ஒரு தள்ளு, விரிந்துவிட்டது. வெள்ளரிப்பிஞ்சை நறுக்கத் தொடங்கினார். நான் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "என்ன தம்பி, ஒரு துண்டு வேணுமா?" வாங்கிக்கொண்டேன். அந்தக் கத்தியை வரைந்தது நான்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. இன்னொரு துண்டுக்கு அடி போடுகிறான் என்று நினைத்துவிடுவாரே என்று விழுங்கிக்கொண்டேன்.

வெள்ளரியில் லேசாக வெங்காய வாசனை. அது வந்தால் எனக்கு என் அம்மா நினைவுதான். செட்டிகுளம் பக்கத்துக் காடுகளில் சின்ன வெங்காயம் பிடுங்கியதும் அதன் பச்சைத் தாளை அரியப் போகும் பெண்களில் அம்மாவும் ஒருத்தி. கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். ஒருநாள் பஸ் சடாரென்று பிரேக் போட, துணியைக் கிழித்துக்கொண்டு கத்தி இடுப்பில் இறங்கிவிட்டது. நான்கு தையல்.

அப்போது நான் பாலிடெக்னிக் முடித்து, துறையூர் ரோட்டில் செல்வராசு அண்ணன் பட்டறையில் கலப்பைக் கொழு செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். அந்த மிதப்பும் கொஞ்சம் இருந்தது. மடக்குக் கத்தி ஒன்றை வரைந்து அண்ணனிடம் நீட்டினேன். கடைக் கத்தியில் எட்டுப் பாகம் என்றால் என்னுடையதில் மூன்றே மூன்று. ஒரே தகட்டை மடித்தால் பிடி. ஓர் அலகு. ஒரு ரிவிட். அலகுகளைத் தகட்டில் நெருக்கி அடுக்கித் திருச்சியில் லேசரில் மொத்தமாக வெட்டி வாங்கிவிடலாம். ஓர் இடத்தில்தான் இடித்தது. நகத்தை வைத்து அலகை இழுக்க ஒரு சின்னப் பள்ளம் வேண்டும், நகக்குழி. அதை மில்லிங் மிஷினில் ஒவ்வொன்றாகக் குடைய வேண்டும். மற்ற வேலையெல்லாம் ஓடி வந்து அந்த மேசையில் மூச்சு வாங்கி நிற்கும். ஆனால் எனக்கு அந்தக் குழிதான் அழகு. வெளிநாட்டுக் கத்திப் படங்களில் பார்த்து மயங்கியது.

அண்ணன் சொன்னார்: "இருபது செய்யி. வெங்காயம் அரியிறவங்க கையில குடு. அவங்க வேணாம்னுட்டா நீ பேசாம கொழுவுக்கே வந்துரணும்."

காட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மாவின் கூட்டாளி பாப்பாத்தி அத்தைதான் முதலில் வாங்கிப் பார்த்தார்.

"நகத்த வச்சு இழுங்கத்த."

"எந்த நகத்தடா?" பத்து விரலையும் என் மூக்குக்கு நேரே விரித்தார். பிறகு அலகைப் பல்லால் கடித்து இழுத்தார். "ஏ, இவன் கத்தி செய்யலடி, பல்லு புடுங்குற கொறடு செஞ்சிருக்கான்!"

காடே சிரித்தது. அம்மா மட்டும் திரும்பி உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி நகக்குழியில் விட்டு நெம்பிக்கொண்டிருந்தாள். "எனக்கு நல்லாத்தான் தொறக்குது," என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. அவள் பெருவிரலில் நகம் சதையோடு சதையாகத் தேய்ந்து கிடந்தது. அந்தக் கை பிசைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான்; ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

மறுநாள் ஸ்டாம்ப் பேடும் நோட்டுமாகப் போய் நின்றேன். விரலின் அகலம் எனக்கு வேண்டியிருந்தது.

"பேங்குல வக்கிறது பத்தாதுன்னு நீயும் கைநாட்டு கேக்குறியா?" என்றார் அத்தை. "ரேஷன் மிஷினே எங்க ரேகைய எடுக்க மாட்டேங்குது. எதுக்கும் சொத்து கித்து எழுதி வாங்கிறாதடா."

பதினொரு பேர் வைத்தார்கள். ரேகையே இல்லாத ஊதா வட்டங்கள். அவற்றை அளந்து, குழியை எடுத்துவிட்டு, அலகில் பதினான்கு மில்லி நீளத்துக்கு ஒரு துளை போட்டேன். விரலின் சதை அதில் பதிந்து தள்ளினால் போதும். அலகை வெட்டும் லேசரே துளையையும் வெட்டிவிட்டது. மில்லிங் மேசைக்கு வேலையே இல்லை. அண்ணன் கத்தியைத் திறந்து மூடித் திறந்து பார்த்தார். "என்னடா இது, வேலையும் கொறஞ்சு போச்சு, கத்தியும் தொறக்குது!"

இரண்டாம் முறை கொண்டுபோன இருபதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பாப்பாத்தி அத்தை இரண்டு எடுத்துக்கொண்டார். கேட்டதற்கு, "ஒண்ணு உன் மாமனுக்கு. அவருக்கு நகம் இருக்கு, என்னா பண்றது!" என்றார்.

இப்போது தா.பழூர் கடைகளிலும் அது தொங்குகிறது. பட்டறை பெரிய ஷெட்டுக்கு மாறிய களேபரத்தில் அந்த நோட்டு பழைய பேப்பரோடு போய்விட்டது. கைநாட்டு வைத்தவர்களில் இரண்டு பேர் இன்று இல்லை. வரைபடத்தில் பதினான்கு மில்லி என்ற எண் மட்டும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் ஒருவர், "பன்னெண்டா வச்சா இன்னும் லட்சணமா இருக்கும் சார்," என்றார். எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள், அதை மட்டும் தொடாதீர்கள் என்றேன். அது யார் யாருடைய விரல் என்று அவருக்குக் காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை.