வெயில் வைத்த பொங்கல்

பாத்திரம் துலக்கியதற்காக ஒரு பெண்பிள்ளையை யாரும் திட்டி நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நான் துலக்கிய நான்கு டப்பாக்கள் எங்கள் அம்மாவின் வேலையையே தின்றுவிடப் பார்த்தன.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அச்சரப்பாக்கத்துக்கு வடக்கே, ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்திலேயே எங்கள் பள்ளிக்கூடம். ரோட்டுக்கு மேற்கே ஊர்த்தெரு, கிழக்கே நாங்கள் இருந்த காலனி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடு வேய்ந்த சத்துணவுக் கூடம். அங்கே சமையல் வேலை அம்மாவுக்குக் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதுவரை நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்தவள். கையெழுத்துப் போட்டு அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் எங்கள் வம்சத்தில் அவள்தான். நைனா கடற்கரைப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டுச் சனிக்கிழமை வீடு வருவார். வந்ததும் வாசலிலேயே நின்று, "இன்னா கவர்மெண்டு, சோறு கீதா?" என்பார். கேலிதான், ஆனால் தெருவுக்கே கேட்கிற மாதிரி செய்வார்.

பள்ளியில் பாதிப் பிள்ளைகள் சத்துணவு சாப்பிட மாட்டார்கள். மணி அடித்ததும் ஊர்த்தெருப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். முன்பு ஊர்த்தெரு அம்மா ஒருவர் சமைத்த காலத்தில் அவர்களும் தட்டை வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தவர்கள்தான். எங்கள் அம்மா கரண்டியைப் பிடித்த மாதத்திலிருந்து அவர்கள் பசி வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. தினமும் சோறு மிஞ்சும். அம்மா அதை வழித்துக் காக்கைக்கும் நாய்க்கும் போடுவாள். பிறகு ஒரு மனு போயிற்று. புது ஆயாவுக்குச் சமைக்கத் தெரியவில்லை, பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன, ஆளை மாற்றுங்கள் என்று. முதல் கையெழுத்து பஞ்சாயத்துத் தலைவரம்மாவுடையது. ஒரு வாய்கூட வைக்காமல் ருசி சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "அவுங்களுக்கு மூக்கு நீளம்டி" என்றாள். நானும் அதை நம்பி, கொஞ்ச நாள் தலைவரம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜீப்பில் அந்தப் பெட்டி வந்து இறங்கியது. 'மரபுசாரா எரிசக்தித் திட்டம்' என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். எங்கள் பெரிய வாத்தியாருக்கே அதை ஒரே மூச்சில் சொல்ல வராது. ஊர் அதற்கு வெயில் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டது. பார்க்க டிரங்குப் பெட்டி மாதிரி இருக்கும். மூடியின் உட்புறம் முகம் பார்க்கிற கண்ணாடி. அதற்குக் கீழே ஜன்னல் கண்ணாடியில் ஒரு கதவு. உள்ளே மூடியோடு நான்கு கறுப்பு டப்பாக்கள். அரிசியையும் தண்ணீரையும் போட்டு வெயிலில் வைத்தால் வெந்துவிடுமாம். கடற்கரையில் அணுவிலிருந்து எடுத்த மின்சாரம் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் போய்க்கொண்டிருந்தது. காலனியில் பாதி வீட்டில் சிம்னி விளக்குதான். அதனால் ஆகாயத்திலிருந்து அரசாங்கம் எதையோ இறக்கித் தருகிறது என்றால் நாங்கள் கொஞ்சம் சந்தேகமாகத்தான் அண்ணாந்து பார்ப்போம்.

பெட்டியோடு வந்த பயிற்சி சார் ஒரு மணி நேரம் பேசினார். கதிர், ஈர்ப்பு, உட்கிரகிப்பு என்று என்னென்னவோ வந்தது. அதில் அம்மாவுக்குப் புரிந்தவை மூன்று. கண்ணாடியை வெயிலுக்குக் காட்ட வேண்டும், அரைமணிக்கு ஒருதரம் பெட்டியைத் திருப்ப வேண்டும், நடுவில் திறக்கக் கூடாது. அதுவே போதுமாக இருந்தது. மூன்று நாள் சமைத்துப் பார்த்தாள். மூன்று நாளும் சோறு பூவாக வந்தது. ஈரச் சவுக்கு விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து வீடு வருகிறவள், அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு என்னோடு அஞ்சாங்கல் ஆடினாள்.

பிறகு தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரியம்மா வருகிறார். பெட்டியில் சமைத்ததை ஊரார் முன்னால் ருசி பார்ப்பார். மனுவையும் அன்றைக்கே விசாரித்து முடித்துவிடுவார். சோறு வேகாமல் போனால் மனுவில் எழுதியது நிஜமாகிவிடும். அம்மா மறுபடியும் சேற்றில் இறங்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை அடிபம்பில் தண்ணீர் குடிக்கும்போது, என் வகுப்புப் பெண் ஒருத்தி, ஊர்த்தெருக்காரி, நல்லவள், என் காதோரம் ஒரு ரகசியம் சொன்னாள். "எங்கம்மா சொல்லிச்சுடி. உங்கம்மா பாத்திரமெல்லாம் ஒரே கரியாம். அதான் நாங்க துன்றதில்ல."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. இவ்வளவுதானா விஷயம்! மாசக்கணக்காக ஒரு வீட்டைக் கலங்கடித்த சிக்கலுக்கு, ஒரு பிடி புளியும் ஒரு செங்கல் துண்டும் போதும் என்று தெரிந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

கழுவுவதற்காக அம்மா அந்த நான்கு டப்பாக்களையும் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். அவள் கடைக்குப் போன நேரத்தில் நான் உட்கார்ந்தேன். சாம்பல், புளி, தேங்காய் நார், செங்கல் பொடி. அது லேசில் போகிற கரியாக இல்லை. கம்பெனியில் அடித்த பெயின்ட் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு டப்பா வெளுப்பதற்குள் விரல் நுனித் தோல் உரிந்துபோயிற்று. விடவில்லை. அம்மா திரும்பி வந்தபோது நான்கும் வெள்ளி மாதிரி வாசலில் கவிழ்ந்திருந்தன.

"அடி என் தங்கமே! மூஞ்சியே பாத்துக்கலாம் போல கீதே!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அவளுக்கும் தெரியவில்லை, பாருங்கள். கரிப் பாத்திரம் கேவலம் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பெட்டியை வைத்தாள். இரண்டு டப்பாவில் சோறு, ஒன்றில் பருப்பு, ஒன்றில் சர்க்கரைப் பொங்கல். பொங்கல் திட்டத்தில் இல்லை. வீட்டிலிருந்து வெல்லம் கொண்டுவந்து தட்டிப் போட்டாள். வேடிக்கை பார்க்க ஊர்த்தெருப் பெண்களும் ரோட்டைத் தாண்டி வந்து வேப்பமரத்து நிழலில் நின்றார்கள். தலைவரம்மாவுக்கு ஒரு நாற்காலி.

மற்ற நாளில் பத்தரைக்கெல்லாம் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படியும். பத்தே முக்கால் ஆயிற்று, கண்ணாடி துடைத்தாற்போல இருந்தது. அம்மா சட்டத்தை மீறிக் கதவைத் தூக்கி ஒரு டப்பாவைத் தொட்டாள்.

"குளிக்கிற தண்ணி கணக்கா கீதேடி" என்றாள் மெல்ல.

நிழலில் யாரோ சிரித்தார்கள். "ஏய், இன்னா, உன் சூரியன் தூங்கிகினு கீதா?" என்றார் தலைவரம்மா.

"ஓடிப்போய் ஜீப்பு வருதா பாரு" என்று அம்மா என்னை விரட்டினாள். நான் ரோட்டுக்கு ஓடினேன். பங்குனி வெயில். தார் கொதித்தது. செருப்பு இல்லாதவர்கள் எல்லாரும் செய்வதுபோல ஓரத்தில் பெயின்டால் இழுத்திருந்த வெள்ளைக் கோட்டின்மேல் ஏறி நின்றுகொண்டு, தெற்கும் வடக்கும் பார்த்தேன். திரும்பினால் அம்மா மைதானத்திலிருந்து என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏண்டி, கோட்டு மேல நின்னா சுடலியா?"

"இல்லம்மா, தாருதான் சுடுது."

அம்மா பெட்டியைப் பார்த்தாள். பளபளக்கும் டப்பாக்களைப் பார்த்தாள். மறுபடி தாரைப் பார்த்தாள். பயிற்சி சார் ஒரு மணி நேரம் பேசியும் புரியாதது அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ, கறுப்புதாண்டி சூடு இழுக்குது. நீ அதைத் தேய்ச்சிட்டியே!"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அவள் அடுப்புக் கரியை அள்ளிக்கொண்டு வந்து டப்பாவில் தேய்த்தாள். ஒட்டவில்லை. பொடியாக உதிர்ந்தது. அவள் மறுபடி மறுபடி தேய்ப்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கண்ணைத் திருப்பினால் வகுப்பறை வாசல் வழியாகக் கரும்பலகை தெரிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதோறும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வேலியில் படரும் கோவைக்கொடி இலையையும் கரியையும் அரைத்துப் பலகைக்குப் பூச வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி.

"அம்மா, கோவ எல!" என்று கத்திக்கொண்டு வேலிக்கு ஓடினேன்.

மடி நிறைய இலை பறித்தேன். அம்மா சத்துணவுக் கூடத்து அம்மியில் கரியோடு வைத்து அரைத்தாள். டப்பாவின் வெளிப்புறமும் மூடியின் மேல்புறமும் நான் துணியால் பூசினேன். ஊர்த்தெருக்காரர்கள் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே முடிவு செய்துவிட்டார்கள். அந்த வெயிலில் பூச்சு உடனே காய்ந்தது. பதினொன்றேகாலுக்கு டப்பாக்கள் மறுபடி உள்ளே போயின. அம்மா பெட்டியைத் திருப்பினாள், கண்ணாடியைச் சாய்த்தாள், உட்கார்ந்தாள். அஞ்சாங்கல் ஆடக் கூப்பிட்டேன். காதில் விழவில்லை.

இனி அரசாங்கத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். பன்னிரண்டுக்கு வருவேன் என்ற ஜீப் பன்னிரண்டுக்கே வந்திருந்தால் எங்கள் கதை அன்றோடு முடிந்திருக்கும். அது நடுவிலே மதுராந்தகத்தில் ஏதோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, ஒன்றே முக்காலுக்கு வந்தது. அதற்குள் கண்ணாடியில் ஆவி படிந்து, துளித்துளியாக வழிந்து, உள்ளே டப்பாவே தெரியவில்லை.

அதிகாரியம்மா இறங்கும்போதே முந்தானையால் விசிறிக்கொண்டு, "அப்பா, என்ன வெயில்!" என்றார்.

"அதைத்தாம்மா சமைச்சிகினு கீறோம்" என்றாள் எங்கள் அம்மா.

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். அம்மா மூடியைத் திறந்தாள். வெல்லமும் ஏலக்காயும் கலந்த வாசனை வேப்பமர நிழல்வரை போயிற்று. அதிகாரியம்மா ஒரு டப்பாவைத் தொட்டு, கறுத்துப்போன தன் விரலைப் பார்த்தார். அம்மா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், என் துலக்கல் உட்பட. அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற பயிற்சி சாரும் எழுதிக்கொண்டார். பின்னால் பக்கத்து ஊர்களில் அவர் கோவை இலை வித்தையைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகக் கற்றுக்கொடுத்தார் என்று கேள்வி.

வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் வாங்கி அதிகாரியம்மா நின்றுகொண்டே சாப்பிட்டார். பிறகு பொங்கல். "பிரமாதம். எல்லாரும் எடுத்துக்குங்க. தலைவரம்மா, முதல்ல நீங்க" என்றார். தலைவரம்மா இலையைப் பார்த்தார், தன் தெருப் பெண்களைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார்.

"நாம சூரியனுக்குப் பொங்க வைப்போம். இன்னிக்கு சூரிய பகவானே நமக்கு வச்சிகீறாரு. அவரு வச்சதுல இன்னா கொற கீது?" என்று சொல்லிக்கொண்டே இலையை வாங்கி ஒரு கவளம் வாயில் போட்டார். அவ்வளவுதான், பின்னால் நின்ற கைகளெல்லாம் நீண்டன. அம்மா தலை குனிந்து பரிமாறினாள்.

எனக்கு வந்ததே கோபம்! விரல் தோல் போனது எனக்கு. அம்மியில் அரைத்தது அம்மா. பேர் மட்டும் சூரியனுக்கா?

"வெயிலா வெல்லம் தட்டிப் போட்டுச்சு? எங்கம்மாதான் சமைச்சுது!" என்று நான் போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

எல்லாக் கையும் அப்படியே நின்றது. அம்மாவின் கரண்டி பாதியில் நின்றது. தலைவரம்மாவின் வாய் நிறையப் பொங்கல். அவர் என்னைப் பார்த்தார். அதிகாரியம்மாவைப் பார்த்தார். கடைசியாக எங்கள் அம்மாவை நேராகப் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்.

"வெல்லம் ஒரு சிட்டிகை தூக்கலாதான் கீது" என்றார். பிறகு இலையை நீட்டினார். "இன்னும் ஒரு கரண்டி போடும்மா."

அம்மா போட்டாள். கரண்டி நிறையப் போட்டாள்.

"சமைக்கத் தெரியலன்னு மனு கொடுத்திருக்கீங்களே?" என்று அதிகாரியம்மா கேட்டார்.

"அது அடுப்புல. இது பொட்டில" என்றார் தலைவரம்மா, மெல்லுவதை நிறுத்தாமலே. அதிகாரியம்மா மனுவை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அது திரும்ப வெளியே வரவேயில்லை. திங்கட்கிழமை ஊர்த்தெருப் பிள்ளைகள் சிலர் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். என் காதில் ரகசியம் சொன்னவளும் அதில் இருந்தாள். அம்மா அந்தக் கூடத்தில் பணி ஓய்வு பெறும்வரை சமைத்தாள்.

ஆனால் அன்றைக்கு ஜீப் போனதும் நடந்ததுதான் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. அம்மா என்னைக் கூடத்தின் பின்பக்கம் இழுத்துப்போய், தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். நான் அழ வாயெடுப்பதற்குள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. அவள் கைக் கரியெல்லாம் என் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. பாத்திரத்தைக் கெடுத்ததற்குக் குட்டு, கோவை இலைக்குக் கட்டிக்கொள்வது என்று நானே ஒரு நியாயம் செய்துகொண்டு, அவள் பிடியிலிருந்து நழுவி, என் பங்குப் பொங்கலுக்கு ஓடினேன்.

டப்பா காலி. வழித்துத் துடைத்து வைத்திருந்தார்கள். மற்ற மூன்றும் அதேபோலக் காலி. அம்மா சமைத்ததில் ஒரு பருக்கைகூட மிஞ்சாமல் போனது அன்றுதான் முதல் தடவை. நான் தரையில் உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டு அழுதேன். அம்மா அந்தக் காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே நின்றாள். பெற்ற பிள்ளை பசியோடு அழும்போது ஒரு தாய் இப்படிச் சிரிப்பாளா என்று எனக்கு ஆறவே இல்லை.