பதினொரு பருத்திப்பூ

நான் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அங்கே ஒரே வேலைதான். நெய்து இறக்கிய காடாத் துணியை மேசைமேல் இழுத்துவிட்டு, இழை அறுந்த இடம், ஊடை விட்ட இடம், எண்ணெய்க் கறை என்று குறை கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணம் ஆகும்வரை அதைத்தான் செய்தேன். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்தபோது அந்த வேலையின் மிச்சமாக இரண்டு என்னோடு வந்தன. ஒன்று, இழை எண்ணுகிற சின்னக் கண்ணாடி. இன்னொன்று, வலது கட்டை விரலில் குறுக்காக ஒரு தழும்பு. ஓடுகிற தறியில் அறுந்த இழையைப் பிடிக்கப் போய் வாங்கியது அது.

சாமியே நேரில் வந்தாலும் நீ சேலையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்ப்பாய் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். காந்திபுரத்தில் பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவள் பின்பக்கம் பார்க்காமல் சரக்கு எடுத்தால் ஆறு மாதத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் எங்கள் மாடிப் பகுதிக்கு ஒரு பெண் குடிவந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். சிங்கப்பூரில் புருஷனோடு இருந்தவள், அவன் வேறொருத்தியோடு போய்விட்டதால் இரண்டு பெட்டியோடு தனியாகத் திரும்பியிருந்தாள். அண்ணன் தொண்டாமுத்தூரில் தோப்பு வைத்திருந்தார். மாடியில் போன் கிடையாது, அதனால் அவர் எங்கள் வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிடுவார். தீபாவளி வரைக்கும் பார், அதற்குள் ஒரு வழி தெரியவில்லை என்றால் வண்டி அனுப்புகிறேன், சாமானைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவளுக்கு அங்கே போக இஷ்டமில்லை.

"அங்க போனா சோத்துக்குக் கொறை இல்லீங்க அக்கா. ஆனா சாகற மட்டும் அண்ணன் ஊட்டுல இருக்கறவங்கற பேருதானுங்க" என்றாள் ஒருநாள்.

அவள் நம்பியிருந்த வழி என்ன தெரியுமா? களிமண். நம்ம குளத்துக் களிமண் இல்லை. பாலிமர் களிமண்ணாம். சோப்புக்கட்டி போல, நிறத்துக்கு ஒரு கட்டியாக, மினுமினுக்கும் தாளில் சுற்றி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அதைப் பிசைந்து, உருட்டி, கேக் சுடுகிற சின்ன மின்சார அடுப்பில் அரைமணி நேரம் சுட்டால் நகையாகிவிடும் என்றாள். நான் அப்போதே காதைத் தீட்டிக்கொண்டேன்.

முதன்முதலில் அவள் காட்டிய மாலையில் பதினொரு வட்ட வில்லைகள். நடுவில் இருந்தது பெரிய ரூபாய்க் காசு அளவு. இரண்டு பக்கமும் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசி வில்லை சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு பருத்திப்பூ. நம் காட்டில் பூக்கிற அதே வெளிறிய மஞ்சள், அடியில் அதே கருஞ்சிவப்புக் கண். மஞ்சளிலும் ஒரே மஞ்சள் இல்லை, கண்ணுக்குப் பக்கத்தில் அழுத்தமாகத் தொடங்கி விளிம்புக்கு வரும்போது பால் கலந்தாற்போல ஆகிவிடும். ஓர் இதழ் அடுத்த இதழின்மேல் பாதி ஏறிப் படுத்திருக்கும். சுற்றிலும் கரிசல் மண் நிறத்தில் ஒரு மெல்லிய கரை. அந்தக் கரை இல்லாவிட்டால் மஞ்சள் அவ்வளவு எடுப்பாக இருந்திருக்காது. கரை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் இதைச் செய்திருக்க வேண்டும்.

அழகாக இருந்தது. அதுதான் எனக்கு ஆகவில்லை.

கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பதினொரு பூவும் ஒரே பூ. அது மட்டுமா? ஒவ்வொரு பூவிலும் இடப்பக்கத்துக் கீழ் இதழ் கொஞ்சம் வளைந்து சப்பையாக இருந்தது. பொத்தான் அளவுப் பூவிலும் அதே இதழில் அதே வளைவு. துணியில் குறை பார்த்தவர்களுக்கு இது அரிச்சுவடி. கையால் வருகிற குறை இடம் மாறும். ஒரே குறை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது மெஷினின் குறை. எந்தக் கை ஒரே பூவை, ஒரே தப்போடு, பதினொரு அளவில் போடும்? அச்சுப் போட்ட சரக்கை எங்கேயோ மொத்தமாக வாங்கிவந்து, கைவேலை என்று என் தலையிலேயே மிளகாய் அரைக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

அப்புறம் அவள் என்ன செய்தாலும் எனக்குச் சந்தேகம்தான். வேலை செய்யும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்வாள், மின்விசிறியையும் நிறுத்திவிடுவாள். கேட்டால், பஞ்சுத் தூசி பறந்து களிமண்ணில் ஒட்டுகிறது என்பாள். சித்திரை வெயிலில் எவள் தூசிக்குப் பயந்து காற்றை நிறுத்துவாள்? நான் மேலே போகும் நேரமெல்லாம் எல்லாம் டப்பாவுக்குள் மூடியிருக்கும். பிளாஸ்டிக் சூடான மாதிரி ஒரு வாசனை மட்டும் படிக்கட்டு வரை வரும்.

இதற்கிடையில் எங்கள் பகுதி மாதர் சங்கம் தீபாவளிக்கு முன்னால் மூன்று நாள் கண்காட்சி வைப்பதாக முடிவாயிற்று. தன் கையால் செய்த பொருளை விற்கிறவர்களுக்கு மட்டும்தான் மேசை. பொருளைப் பார்த்துச் சரி சொல்கிற பொறுப்பு என்னுடையது. சங்கத்து ஆள் என்பதால் என் கடை வளையலுக்கும் ஒரு மேசை உண்டு, அதற்கு மட்டும் யாரும் விதி பேசவில்லை. அவளும் மனுப் போட்டாள். அந்த மேசை கிடைத்தால் நாலு பேருக்குத் தெரியும், ஆர்டர் வரும், அண்ணனிடம் காட்ட ஒரு முகம் இருக்கும். அது அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனம் இளகவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவள் அண்ணன் போனில் வந்தார். கூப்பிட மாடிக்குப் போனேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாகக் கீழே ஓடினாள். கதவு திறந்தே கிடந்தது. இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. உள்ளே போனேன்.

அட்டைப்பெட்டியோ, கடை பில்லோ, ஏதாவது அகப்படும் என்று கண்ணால் துழாவினேன். ஒன்றும் இல்லை. மேசைமேல் ஒரு பளிங்கு ஓட்டில் பதினொரு வில்லைகள் வரிசையாக இருந்தன. பின்பக்கத்தில் கம்பெனி முத்திரை இருக்கும் என்று நடுவில் இருந்த பெரியதைத் திருப்பப் பார்த்தேன். ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. நகத்தால் நெம்பி எடுத்துத் திருப்பி, கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். முத்திரை எதுவும் இல்லை. கொஞ்சம் மெத்தென்று இருந்தது. மட்டமான பிளாஸ்டிக் வெயிலுக்கு இளகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். படியில் காலடி கேட்டதும் ஜன்னல் பக்கம் போய் மலையைப் பார்ப்பவள் போல நின்றேன்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம். தலைவியம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். அவள் ஒரு தட்டில், இன்னும் கோக்காத பதினொரு வில்லைகளைக் கொண்டுவந்து வைத்தாள். நான் கண்ணாடியை எடுத்தேன். ஒரே பூ, ஒரே வளைந்த இதழ் என்று எல்லாருக்கும் காட்டினேன். அவள் இங்கேயே செய்து காட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் வில்லைகளைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

பத்து வில்லைகளின் பின்னால் லேசாகக் கைரேகை தெரிந்தது. அவளுடையதாக இருக்கலாம். நடுவில் இருக்க வேண்டிய பெரிய வில்லையின் பின்னால் ஆழமாக ஒரு கட்டை விரல் ரேகை, குறுக்கே ஒரு கோடு. அவள் கையை நீட்டச் சொன்னேன். பத்து விரலிலும் அப்படி ஒரு கோடு இல்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"இது உன்ற கை இல்லியே அம்மணி. ஆரு செஞ்சது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

அவள் வில்லையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். மற்றப் பத்தையும் தட்டோடு எடுத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மேசை இல்லை என்று தலைவியம்மா எழுதிக்கொண்டார். சாட்சிக்கு இருக்கட்டும் என்று அந்தப் பெரிய வில்லையை நான் என் பர்சில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை கடையில் கிளிப்புகளுக்கு விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் முத்திரை மை விரலில் பட்டு, ஒரு வெள்ளைச் சீட்டில் என் கட்டை விரல் பதிந்துவிட்டது. அடச்சே என்று சீட்டைக் கிழிக்கப் போனவள் நின்றுவிட்டேன். ரேகை வட்டம், குறுக்கே ஒரு கோடு.

பர்சைத் திறந்து வில்லையை எடுத்தேன். கண்ணாடியை எடுத்தேன். எத்தனை தரம் பார்த்தாலும் அது என் விரல்தான். ஊரான் விரலையெல்லாம் பிடித்துப் பிடித்துப் பார்த்தவள், கண்ணாடியைப் பிடித்திருந்த விரலைப் பார்க்கவில்லை. மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

அவள் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறதாம். நான் வில்லையையும் கட்டை விரலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினேன்.

"தெரியுமுங்க அக்கா" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தெரிந்தும் ஏன் அங்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?" என்றாள். முதல் தடவையாக அவள் குரலில் கோபம் வந்தது. "சுடாம பச்சையா இருந்தாத்தானுங்க ரேகை விழும். கடையில வாங்கினதா இருந்தா அதுல உங்க வெரலு எப்புடீங்க பதியும்? நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு பாத்தேன்."

இவ்வளவு எளிய கணக்கு என் மண்டையில் ஏறவில்லையே.

அவள் எழுந்துபோய் டப்பாவிலிருந்து வெள்ளரிப் பிஞ்சு நீளத்துக்கு ஓர் உருளையை எடுத்துவந்தாள். வெளியே வெறும் கரிசல் நிறம். பிளேடால் மெல்லிசாக ஒரு வில்லை அரிந்தாள். உள்ளே பருத்திப்பூ. இன்னொன்று அரிந்தாள், அதே பூ. நிறம் நிறமாகத் தகடு தட்டி, இதழ் இதழாக அடுக்கி, நீளவாக்கில் முழுப் பூவையும் கட்டிவிடுகிறாள். அப்புறம் உருட்டி இழுக்க இழுக்க உருளை மெலியும், உள்ளே இருக்கும் பூவும் தானாகச் சிறுக்கும். அடுக்கும்போது ஓர் இதழ் வளைந்துவிட்டதாம். அது உருளையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அப்படியே ஓடியிருக்கிறது. நீளவாக்கில் ஓடுகிற பாவில் ஓர் இழை தப்பினால் துணி முழுக்க ஓடுமே, அது மாதிரி. இதை நான் யோசித்திருக்க வேண்டாமா? அரிந்த வில்லையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். கையால் இவ்வளவு செய்ய முடியும் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

சுடுவதற்கு முன்பே அந்த ரேகையைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாளாம். உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்தால் போயிருக்குமாம்.

"எம்பட வேலைய ஒருதரங்கூட நீங்க ஆசையாத் தொட்டதில்லீங்க. தொட்டுப் பாத்திருக்கறாங்களேன்னு விட்டுப்போட்டேன்."

அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை, பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலமே தலைவியம்மா வீட்டுக்குப் போய் மாடியில் நுழைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் தண்ணீர் கேட்டேன். மேசையெல்லாம் கொடுத்தாகிவிட்டது என்றார். அப்படியானால் என் மேசையைக் கொடுங்கள் என்றேன். என் வளையல் பெட்டிகள் கடைக்கே திரும்பின.

அவள் என்னைச் சும்மா விடவில்லை. மூன்று நாளும் மேசையில் பக்கத்திலேயே உட்காரவேண்டும் என்றாள். வருகிறவர்கள் எல்லாம் என்னைப் போலச் சந்தேகச் சாதிதான், எடுத்ததும் இது மெஷினில் போட்டதா என்றுதான் கேட்டார்கள். உடனே அவள் என் ரேகை விழுந்த, விற்பனைக்கு இல்லாத அந்தப் பெரிய வில்லையைத் திருப்பிக் காட்டுவாள். பச்சையாக இருந்தபோது இந்த அக்கா தொட்டது, அவர்கள் விரலைப் பாருங்கள் என்பாள். நான் விரலை நீட்டுவேன். சிலர் சிரித்தார்கள். சிலர் என் கண்ணாடியையே வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாலைகள் போய்க்கொண்டிருந்தன, ஆர்டரும் வந்தது.

மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. வண்டியோடு வீட்டுக்கு வந்த அவள் அண்ணன், மாடி பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு நேராகக் கண்காட்சிக்கே வந்துவிட்டார். வேட்டி மடிப்பைப் பிடித்தபடி மேசைமுன் நின்று ஒவ்வொரு மாலையாகப் பார்த்தார். கடைசியில் அந்த வில்லையை எடுத்தார்.

"இதெல்லாம் நீயே செஞ்சதா கண்ணு? நெசமாவா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் எழுந்து நின்று கட்டை விரலை நீட்டினேன்.