பக்கத்து வீட்டுச் சாறிபாத்

மைசூரில் பிளேக் பரவிய வருஷம் எங்கள் தெருவே காலியாகிவிட்டது. ஜனங்கள் சட்டிபானைகளைத் தூக்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கப் போனார்கள். நாங்களும் பக்கத்து வீட்டு அக்காவும் மட்டும் போகவில்லை. அப்பா அங்கிருந்த கிறிஸ்தவத் தமிழ்ச் சபையின் உபதேசியார். தேவன் சொல்லும்வரை கிளம்பக்கூடாது என்பது அவர் கட்சி. தேவன் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, அவள் மூட்டையைக் கட்டி வைத்திருந்தாள்.

எங்கள் சாப்பாடு சபையார் கையில் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை உபதேசியாருக்கென்று எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது எங்களுக்கு வரும். வீடுகளே பூட்டிக் கிடந்தால் பிடியரிசி எங்கிருந்து வரும்? அப்பா அசரவில்லை. எலியா தீர்க்கதரிசிக்குக் கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் அப்பம் கொண்டுவந்தன, நாம் ஆயத்தப்பட்டால் போதும் என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு உபவாசம் இருந்தார். நான் கொல்லையில் நின்று காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவையோ எங்கள் வீட்டில் ஏதாவது கிடைக்குமா என்று வந்தவை. தங்கை அழக்கூடத் தெம்பில்லாமல் படுத்திருந்தாள்.

"எலியாவே சாறிபாத் ஊர் விதவைகிட்ட அப்பம் வேணும்னு வாய்விட்டுக் கேட்டாரே. உங்களுக்கு மட்டும் என்ன?" என்று அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

கேட்காமலே கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. கொள்ளேகால்காரர், விதவை. அவருடைய ஒரே மகன் அக்குளில் கட்டி வந்து, காய்ச்சலில் போய்விட்டான். பிளேக் வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகு அக்கா அந்த வீட்டைவிட்டு நகரவில்லை. எங்கள் நிலைமை எப்படித் தெரிந்ததோ, ஒருநாள் காலையில் கொல்லைச் சுவருக்கு மேலே ராகிக் களியை நீட்டினார்.

"தங்கச்சிக்குக் குடு அம்மிணி. நீயும் தின்னு."

அன்று மாலை ஜெபத்தில் அப்பா சாறிபாத் விதவையின் கதையைச் சொன்னார். கடைசி மாவில் எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்தவள் அவள். பிற்பாடு அவள் மகன் செத்துப்போனபோது, எலியா அவன்மேல் படுத்து ஜெபித்தார், உயிர் திரும்பி வந்தது. எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. மறுநாள் சுவரோரம் போய், எங்கள் அப்பா உங்கள் மகனை எழுப்பித் தருவார் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு, எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஒடம்பு இல்லீன்னாலும் எழுப்ப முடியுங்களா சாமி? அவனை எரிச்சுப்போட்டாங்க."

அப்பாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். விளங்கியதும், பிரசங்கத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முடியாதுங்களா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

அம்மா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

எனக்கோ அப்பாமேல் தாங்கமுடியாத கோபம். இத்தனை பட்டினி கிடந்தவர் தேவனிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கலாமே. அவர் இன்னும் சரியாக ஆயத்தப்படவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்து, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.