இன்னொரு வருஷம் அவசரம்

அக்கா பிலிப்பைன்ஸுக்கு டாக்டருக்குப் படிக்கப் போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. அம்மா அடுப்புக்கும் போனுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். பவர்லூம் ஓட்டும் நைனா பாதித் தறியில் எழுந்து வந்து, "ரிசல்ட் இன்னா ஆச்சு?" என்பார். ஃபெயிலானால் மூட்டை கட்டிக்கொண்டு ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரிக்கே திரும்ப வேண்டும், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்று ஏர்போர்ட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனுஷன் என்று எல்லோரும் பயந்தோம். அக்காவோ, ரிசல்ட் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்பாள்.

அந்தச் சமயம் பார்த்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி வந்து தொலைத்தது. வெளிநாட்டுத் தலைவர் ஒருவரின் படிப்பையும் முதல் உத்தியோகத்தையும் பற்றித் தெலுங்கில் பேச வேண்டும். நாலாம் வகுப்பில் இருந்த நான் அந்த வருஷம்தான் தமிழ் மீடியத்திலிருந்து தெலுங்கு மீடியத்துக்கு மாறியிருந்தேன். என் தெலுங்கில் தமிழ் வார்த்தை கலந்தால் டீச்சர் சிவப்பில் சுழிப்பார். அக்காவிடம் உதவி கேட்டேன். சிக்னல் உடனே வந்துவிட்டது.

அந்த நாட்டுத் தலைவர் ஒருவரைச் சொன்னாள். வாயில் நுழையாத பெயர். சட்டம் படித்தவராம். வக்கீல் பரீட்சையில் முதல் தடவை ஃபெயிலாகி, வீட்டில் சொல்லப் பயந்து, ஏதோ தீவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாராம். மறுபடி எழுதி, அரசாங்க வக்கீலாகி, அப்புறம் மேயரானாராம். அவள் தெலுங்கில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

"'ஆயனகு இங்கொக்க சம்வத்சரம் அவசரம்'னு எழுதிக்கினியா? அந்த வரிய நிறுத்திச் சொல்லு. நைனா வருவாருல்ல?"

"மொத வரிசைல குந்துவாரு."

"அப்பன்னா ரெண்டு வாட்டி சொல்லு."

எனக்கு அந்த 'அவசரம்' உறுத்திக்கொண்டே இருந்தது. பச்சைத் தமிழ் வார்த்தை. கடல் தாண்டிப் போனதும் இவளுக்குத் தெலுங்கு மறந்துவிட்டது என்று முடிவு கட்டி, அதை அடித்துவிட்டு, தெலுங்கில் அவசரத்துக்கு என்ன சொல்வார்களோ அதையே, 'தொந்தர' என்று எழுதினேன். மேடையில் இரண்டு வாட்டி சத்தமாகச் சொன்னேன். எவர்சில்வர் டப்பா பரிசு கிடைத்தது.

அன்று சாயங்காலம் நைனாவே அக்காவுக்குப் போன் போட்டார்.

"ஃபெயிலான ஆளே அவசரப்பட்டு ஒரு வருஷம் முன்னாடி முடிச்சிட்டாராமே. நீ பாஸாவுற பொண்ணு. இன்னும் சீக்கிரம் வந்துடுவ இல்ல?"

 அக்கா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"நான் சொன்னத அப்படியே சொன்னியா?"

"ஒரு தமிழ் வார்த்தை இருந்துச்சுக்கா. அத மட்டும் மாத்திட்டேன்."

சிரித்தாள். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி நெடுநேரம் சிரித்தாள். என் கெட்டிக்காரத்தனத்துக்குத்தான் என்று நானும் கூடச் சிரித்தேன்.

தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை, அவருக்கு இன்னொரு வருஷம் தேவை என்பதுதான் அக்காவின் வரி என்று எனக்குத் தெரிய இன்னும் இரண்டு வகுப்பு தாண்ட வேண்டியிருந்தது. அதற்குள் அக்கா தானே நைனாவிடம் விஷயத்தை உடைத்திருந்தாள். அவர் ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. திரும்பி வா என்றும் சொல்லவில்லை. அந்த வருஷத்தை அவள் மறுபடி படித்தாள்.

மூன்று நாள் மனப்பாடம் செய்ததால் அந்தத் தலைவரின் பெயர் எனக்கு இன்னும் மறக்கவில்லை. போன வாரம் போனில் தேடிப் படித்தேன். வக்கீல் பரீட்சையை முதல் தடவையே பாஸ் செய்திருக்கிறார். எந்தத் தீவிலும் பாடம் நடத்தவில்லை.