வாசலுக்குப் போன தூளிக் கயிறு

பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கக் கணவர் மலையிறங்கிப் போயிருந்தார். ஈர வாசலில் வழுக்கி எனக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடாவிட்டால் வீக்கம் வடியாது. ஆனால் தூளியை ஆட்டும் கயிற்றை விட்டால் பிள்ளை வீறிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் அழுதேன்.

அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க வரும் ராவுத்தர் எங்கள் அழுகைச் சத்தம் கேட்டு வெளியே நின்றார்.

“ஊட்டுல ஆம்பளைங்க இல்லீங்களா?”

“இல்லீங்க. கால் சுளுக்கிருச்சு, எந்திரிக்க முடியலீங்க.”

“அப்ப நான் உள்ள வரலீங்க அம்முணி. அந்தக் கயித்த இப்படி வீசுங்க.”

தூறலில் உட்கார்ந்து அவர் கயிற்றை இழுக்க, நான் அடுப்புக்குத் தவழ்ந்தேன். பற்றுப் போட்டு முடிப்பதற்குள் பிள்ளை உறங்கிவிட்டது. உடனே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தூளி ஆடும்வரை நான் தனியாக இல்லை என்று தோன்றியதால், சற்று நேரம் சொல்லாமலே இருந்தேன்.