மூன்று நிஜம், ஒரு புளுகு

ஸ்கேன் சென்டரின் தட்டச்சு அறையில் அவளை எல்லோரும் நியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் அறிக்கைகளைக் காதில் வாங்கி அடித்துத் தருவது பதினோரு வருடமாக அவள் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் கம்ப்யூட்டரே பேச்சைக் கேட்டு அடிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு பேர் ஏழு பேரானார்கள். மிஞ்சியவர்கள் அது அடித்ததைத் திருத்திக்கொண்டு, அடுத்து யார் தலை உருளுமோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த இழவு வீட்டு மௌனம் அவளுக்குப் பொறுக்கவில்லை. பயப்படுவதுதான் பயப்படுகிறோம், விவரம் தெரிந்துகொண்டாவது பயப்படலாமே என்று ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தாள். புதன்கிழமை தோறும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவாள். செயற்கை நுண்ணறிவு பற்றி நான்கு செய்திகள் இருக்கும். மூன்று நிஜம், ஒன்று அவளே அவிழ்த்துவிட்ட புளுகு. விடை வெள்ளிக்கிழமை மதியம். புளுகைப் பிடித்தவருக்கு ஒரு வாரத்துக்கு ஃபேனுக்கு நேர் கீழே உள்ள நாற்காலி. இருமலை வைத்தே நோயைச் சொல்லப் பார்க்கிறார்கள், செத்தவர் குரலில் பேச வைக்கிறார்கள், மாட்டின் முகத்தைப் படம் பிடித்து அதற்கு வலிக்கிறதா என்று கண்டுபிடிக்கிறார்கள் என்றெல்லாம் எழுதுவாள். நிஜம்தான் எப்போதும் புளுகு மாதிரி இருக்கும். அறை மறுபடியும் சிரிக்கக் கற்றுக்கொண்டது.

விளையாட்டில் அசைக்க முடியாத ஆள் பூதக்கண்ணாடி அக்கா. இரண்டாம் வாசிப்பு அவள் பொறுப்பு. எந்த அறிக்கையும் அவள் பார்த்துச் சிவப்பில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நோயாளி கைக்குப் போகும். இடது சிறுநீரகம் வலதாக மாறியிருந்தால் பிடித்துவிடுவாள். எழுபது வயது ஆண் ஒருவருக்குக் கர்ப்பப்பை நலமாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் சான்றிதழ் கொடுத்ததையும் அவள்தான் பிடித்தாள். அப்படிப்பட்ட கண்ணுக்குப் புளுகு எந்த மூலைக்கு? தொடர்ந்து நாலு வாரம் ஃபேன் நாற்காலி அவளுக்கே போயிற்று.

நியூஸுக்கு உள்ளுக்குள் புகைந்தது. கூடப் பிறக்காத அக்காதான், இருந்தாலும் தோற்றுக்கொண்டே இருக்க யாருக்குப் பிடிக்கும்? ஐந்தாவது வாரம் அக்காவின் பயத்தையே குறிவைத்து எழுதினாள். 'ஒரு பெரிய மருத்துவமனையில் இரண்டாம் வாசிப்பை அடியோடு நிறுத்திவிட்டார்கள். இயந்திரம் எழுதியதை இயந்திரமே சரிபார்க்கிறது. பிழைகள் பாதியாகக் குறைந்தன.'

அக்கா அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு அதே தாளில் இருந்த மாட்டுச் செய்தியைப் புளுகு என்று குறித்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை விடை சொன்னபோது, "அடிப்பாவி, என் வயித்துல புளியைக் கரைச்சிட்டியேடி!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். விடை சொன்ன அன்று அறையில் இல்லாதவர் மேலாளர் ஒருவர்தான். தலைமை அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அதே பலகையில் ஆணை ஒட்டினார்கள். மாத முடிவோடு இரண்டாம் வாசிப்பு நிறுத்தப்படுகிறது. அந்தப் பணியில் இருப்பவர் விடுவிக்கப்படுகிறார். ஆட்சேபணை இருந்தால் புதன் மாலை ஆறு மணிக்குள் எழுத்தில் தரலாம். காரணம் என்ற இடத்தில், ஒரு பெரிய மருத்துவமனையில் பிழைகள் பாதியாகக் குறைந்தன என்று இருந்தது.

நியூஸ் அதை இரண்டு முறை படித்தாள். அவள் எழுதிய சொற்களேதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் தப்பித்துக்கொண்டது, பக்கத்தில் இருந்தவள் கெட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த ஆர்டர்ல போட்டிருக்கிற விஷயம் எங்க கிடைச்சுது?"

"உங்க போர்டுலதாம்மா. மாட்டு விஷயம்தான் புளுகுன்னு நெனச்சு, இதைப் போட்டோ எடுத்துட்டுப் போயிருந்தேன். மீட்டிங்ல எல்லாரும் அசந்துட்டாங்க."

"அது பொய் சார். விளையாட்டுக்கு நான் கட்டிவிட்டது. விடை சொன்ன அன்னிக்கு நீங்க இல்ல."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இப்ப நான் மேல போய், ஒரு விளையாட்டுத் தாளை நம்பிப் பேசிட்டேன்னு சொல்லணுமா? சொன்னா என்னை மட்டுமா கேப்பாங்க? எழுதினது யாருன்னும் கேப்பாங்க. உங்க கான்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுதுல்ல? புதுப்பிக்கிற பேப்பர் இதோ, என் மேஜை மேலதான் இருக்கு. பார்த்துக்குங்க."

அவள் வீட்டில் கணவர் முதுகில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதமாகப் படுத்திருக்கிறார். அவள் வேலையை நம்பித்தான் குடும்பம். இது மேலாளருக்கும் தெரியும். புதன்கிழமை அவள் பலகையில் தாள் ஒட்டவில்லை. "என்ன நியூஸ், இன்னிக்கு லீவா?" என்று யாரோ கேட்டதற்குத் தலைவலி என்றாள். சாயங்காலம் அக்கா கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஐந்தரைக்கே ஓடிவிட்டாள். அன்று ராத்திரி அவள் தன்னைக் காறித் துப்பாத குறைதான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அக்காவின் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். நாலு வாரம் தோற்ற எரிச்சலில்தான் அப்படி எழுதினேன் என்பதையும் மறைக்கவில்லை.

அக்கா கையிலிருந்த அறிக்கையைப் படித்து முடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியும்டி. ஆர்டரைப் படிச்சப்பவே தெரியும். இருபது வருஷமா ஒரு எழுத்து மாறினாலே கண்ணுல படுது. முழுசா ஒரு வரி படாதா?"

"அப்புறம் ஏன்கா ஆட்சேபணை எழுதல?"

"யார் எழுதலன்னு சொன்னா?"

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். திங்கட்கிழமை தேதி போட்டிருந்தது. ஆணைக்கு ஆதாரமான செய்தி ஊழியர்களின் விளையாட்டுக்காகக் கற்பனையாக எழுதப்பட்டது, எழுதியவர் என்று தொடங்கி, பெயர் வரவேண்டிய இடத்தில் வெற்றிடம்.

"அந்தப் பேர் இல்லாம இதைக் கொடுத்தா, வேலை போன ஆத்திரத்துல உளறுறான்னுவாங்க. பேரைப் போட்டா உன்னை மாட்டிவிட்டு நான் உக்காந்திருக்கணும். உன் வீட்ல அவர் படுத்திருக்காரு, எப்படிடி எழுதுவேன்? நீயா வந்து சொன்னா விளையாட்டுப் புத்தின்னு விட்டிருப்பாங்க. நேத்து ஆறு மணி வரைக்கும் வாசலைப் பார்த்துட்டே இருந்தேன்."

நியூஸ் அழவில்லை. அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. அக்காவின் சிவப்புப் பேனாவை எடுத்து, வெற்றிடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள்.

"இனிமே எதுக்குடி?" என்றாள் அக்கா.

நியூஸ் தாளை எடுத்துக்கொண்டு, மேலாளர் அறையைத் தாண்டி, அவருக்கும் மேலே உள்ளவர்கள் இருக்கும் மாடிக்குப் படி ஏறினாள். கெடு முடிந்து பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது.